கேட்டுட்டுப் போறதா, சொல்லிட்டுப் போறதா?

உங்களுக்கு 18 வயசு முடிஞ்சாச்சா? அப்படின்னா ஓட்டு, லைசென்ஸ் இதெல்லாம் கூட இன்னொண்ணும் உங்க கணக்குல ஏறியிருக்கு. 2007-ல வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தை எடுத்துப் பாருங்க. அதில் 'பிள்ளைகள்' என்றால் மகன், மகள் மட்டும் இல்லை. பேரன், பேத்தியும் அதில் வருகிறார்கள். மைனர்களை மட்டும் விட்டிருக்கிறார்கள். சொந்த வருமானத்திலோ சொத்திலோ வாழ முடியாத ஒரு பாட்டி, மேஜரான பேத்தியிடமும் பராமரிப்புச் செலவு கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

இதை முதல் தடவை படிச்சப்போ எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. அன்னிக்கு என் அக்கவுன்ட்ல 340 ரூபாய் இருந்துச்சு. எங்க வீட்ல விஷயம் தீர்ப்பாயம் வரைக்கும் போகிற மாதிரியும் இல்லை. யாரும் யாரையும் கைவிடலை. எங்களுக்கு வேற தலைவலி. அம்மாவோட அம்மாவுக்கு ஒரு இடம் தேடணும். சின்னதா இருக்கணும், எங்க கைக்கு அடங்கணும், முக்கியமா அவங்களுக்குப் பிடிக்கணும். செவன்த் செமஸ்டர் முழுக்க எங்க வீட்ல ரெண்டு தேடல் ஒண்ணா ஓடுச்சு: எனக்கு வேலை, அமுச்சிக்கு வீடு.

அமுச்சின்னா எங்க கொங்குப் பக்கம் அம்மாவைப் பெத்தவங்க. வயசு 76. உடுமலைக்குப் பக்கத்துல ஒரு கிராமத்துல ஓட்டு வீடு, வாசல்ல ரெண்டு முருங்கை. அப்புச்சி மின்வாரியத்துல லைன்மேனா இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் போய் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. அமுச்சி அதுல இருந்து தனியாத்தான் இருந்தாங்க, நல்லாத்தான் இருந்தாங்க. போன ஆகஸ்ட்ல ஒரு விடியக்காலம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாங்க. அது உள்பக்கமா திறக்கிற கதவு. அவங்க கதவுக்குக் குறுக்கே விழுந்ததால உள்ளே இருந்தும் இழுக்க முடியலை, வெளியே இருந்தும் தள்ள முடியலை. பால்காரர் வந்து கூப்பிட்டுப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரங்க ஓடி வந்து, கதவைக் கழட்டி எடுக்கறதுக்குள்ள மூணு மணி நேரம் ஆயிருச்சு. மணிக்கட்டு எலும்பு முறிவு. "இதோட போச்சே"ன்னு ஊர்ல எல்லாரும் சொன்னாங்க. எங்க அம்மா மட்டும் சொல்லலை.

"வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட வேண்டியதுதானே?" இந்தக் கேள்வி உங்களுக்கு வந்திருக்கும். எங்க சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் வந்துச்சு. நாங்க திருப்பூர்ல ரெண்டாவது மாடியில வாடகைக்கு இருக்கோம், லிஃப்ட் கிடையாது. அம்மா ஒரு பனியன் கம்பெனியில அக்கவுன்ட்ஸ், அப்பாவுக்கு ஷிஃப்ட். இருக்கிற ஒரு ரூம்ல அப்பத்தா ஏற்கெனவே இருக்காங்க. மாமா பெங்களூர்ல இருக்கார். கட்டு பிரிச்ச உடனே அவர்தான் கூட்டிட்டுப் போனார், நிஜமான பாசத்தோடதான். நாலாவது மாடி ஃப்ளாட். மாமாவும் அத்தையும் காலையில ஒன்பதுக்குக் கிளம்பினா ராத்திரி எட்டு. பக்கத்து வீட்ல பேசினா கன்னடம், இல்லைன்னா இந்தி. ஒரே மாசத்துல அமுச்சி திரும்பி வந்துட்டாங்க. "அங்க நானும் டிவியும்தான் கண்ணு. அதுவும் நான் சொல்றதக் கேக்காது"ன்னாங்க.

நம்ம சினிமாவுல முதியோர் இல்லம்னு ஒரு போர்டைக் காட்டினாலே சோக வயலின்தான். மகன் வில்லன், மருமகள் பெரிய வில்லி. அந்த போர்டு எங்க எல்லார் மனசுலயும் தொங்கிட்டிருந்துச்சு. அதனால அந்த வார்த்தையையே மூணு வாரம் யாரும் வாயில எடுக்கலை. கடைசியில அமுச்சியேதான் ஆரம்பிச்சாங்க: "கோயமுத்தூர்ல பெரியவீங்க எல்லாம் சேந்து இருக்கற மாதர எடம் இருக்குதாமா? போயிப் பாத்துட்டு வரலாமா?"

கோவையில படிக்கிற நமக்கு இது தெரிஞ்சிருக்கும், ஆனா கவனிச்சிருக்க மாட்டோம். நாட்டுலயே சீனியர் லிவிங் குடியிருப்புகள் நிறைய வந்த ஊர்கள்ல நம்ம ஊரும் ஒண்ணு. தண்ணி, வெயில் தாங்கற அளவு, ஆஸ்பத்திரிகள்னு இதுக்குக் காரணங்கள் உண்டு. வடவள்ளி, தொண்டாமுத்தூர், பொள்ளாச்சி ரோடுன்னு எந்தப் பக்கம் போனாலும் ஒரு போர்டாவது கண்ணுல படும். தேவையும் கூடிட்டுதான் இருக்கு. 2011 கணக்கெடுப்புலயே தமிழ்நாட்டுல 100 பேருக்கு 10 பேருக்கு மேல 60 வயசைத் தாண்டினவங்க. இந்தியா முழுக்க எடுத்தா அது 9-ஐக்கூடத் தொடலை.

நான் என்ஜினியரிங் ஸ்டூடன்ட் இல்லையா, உடனே ஒரு எக்செல் ஷீட் போட்டேன். 42 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் மார்க், வெயிட்டேஜ். அமுச்சிகிட்ட படிச்சுக் காட்டினேன். பொறுமையா கேட்டுட்டு, "எல்லாஞ் செரி சாமி, எனக்கு மூணுதான் தெரியோணும்"னாங்க. ஒண்ணு, ரூமுக்கு உள்ள இருந்து தாழ்ப்பாள் போட்டுக்கலாமா, சாவி யார்கிட்ட இருக்கும். ரெண்டு, விடிகாலை நாலரைக்கு எந்திரிச்சா காப்பி கிடைக்குமா, இல்லைன்னா நானே வெச்சுக்கலாமா. மூணு, வெளிய போறதுக்கு யார்கிட்டயாவது கேக்கோணுமா.

இந்த மூணாவது கேள்வியைக் கேட்டதும் எனக்கு நம்ம லேடீஸ் ஹாஸ்டல்தான் ஞாபகம் வந்துச்சு. அவுட்பாஸ். அப்பாவுக்கு போன் போட்டு உறுதி பண்ணினாத்தான் கேட். பசங்க ஹாஸ்டல்ல என்ன டைம், நமக்கு என்ன டைம்னு இங்க நான் ஆரம்பிக்கலை, அது தனிக் கட்டுரை. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. மெஸ் சாப்பாடு, வார்டன், காஷன் டெபாசிட், ராத்திரி காய்ச்சல் வந்தா யாரை எழுப்பறது, ரூம்மேட்டோட ஒத்துப் போகுமா... இதெல்லாம் நாலு வருஷமா நாம அனுபவிச்சு அறிஞ்சது. ஒரு மூத்தோர் குடியிருப்பைப் பார்த்ததும் எடை போடறதுல நம்ம அப்பா அம்மாவைவிட நாம கில்லாடி. இந்த வேலையில நம்மளைச் சேர்த்துக்கச் சொல்லுங்க.

அம்மா, அமுச்சி, நான் மூணு பேரும் மூணு இடம் போய்ப் பார்த்தோம். பேர் எதுவும் சொல்லப் போறதில்லை.

முதல் இடம் பெரிசு. தனித்தனி வில்லா, கிளப் ஹவுஸ், நடைபாதை, கோயில், பிசியோதெரபி ரூம். பார்க்கவே ரிசார்ட் மாதிரி. ஒரு பெட்ரூம் வீடு விலைக்கு 38 லட்சம், அதுக்கு மேல மாசாமாசம் பராமரிப்பு 9,000, சாப்பாடு தனி. அமுச்சி மூணாவது கேள்வியைக் கேட்டாங்க. சுத்திக் காட்டினவர் பெருமையா ஃபோனை எடுத்து ஒரு ஆப் காட்டினார். பெரியவங்க கேட் பக்கம் வந்ததும் குடும்பத்துல ஒருத்தருக்கு நோட்டிஃபிகேஷன் போகுமாம், அவங்க ஓகே பண்ணினா கேட் திறக்குமாம். பாதுகாப்புக்காகத்தான். அமுச்சி அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "நான் பெத்த புள்ளைகிட்ட நானு பர்மிசன் கேக்கோணுமா?"ன்னாங்க. கார்ல திரும்பும்போது அம்மா ரொம்ப நேரம் சிரிச்சாங்க. அப்புறம் பேசவே இல்லை.

ரெண்டாவது இடம் நேர் எதிர். மாசம் 9,000, எல்லாம் அடக்கம். ஒரு ஹால்ல எட்டுக் கட்டில். சுத்தமாத்தான் இருந்துச்சு, நடத்தறவங்களும் கெட்டவங்க இல்லை. சாவிங்கற பேச்சே அங்க இல்லை, ஏன்னா கதவே இல்லை. "வெளிய எதுக்குங்கம்மா போகணும், எல்லாமே இங்கயே இருக்கே"ன்னு அன்பாத்தான் சொன்னாங்க. அமுச்சி அங்க இருந்த ஒரு அம்மாகிட்ட அரை மணி நேரம் பேசிட்டு வந்தாங்க. என்ன பேசினாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லலை.

மூணாவது இடம் சின்னது. 17 ரூம், தரைத்தளம் மட்டும், நடுவுல முற்றம். மருத்துவமனையில நர்ஸா வேலை பார்த்து ரிட்டையர் ஆன ஒரு அம்மாவும் அவங்க வீட்டுக்காரரும் நடத்தறாங்க. கேட் பக்கத்துல ஒரு நோட்டு தொங்குது. பேர், எங்க போறேன், எப்ப வருவேன். மூணு கட்டம், அவ்வளவுதான். "எழுதிட்டுப் போங்கம்மா. சொன்ன நேரத்துக்கு வரலைன்னா நாங்க போன் போடுவோம்"னாங்க. அமுச்சி அந்த நோட்டைப் பத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தாங்க. மார்க்கெட், பேங்க், கோயில், முடி வெட்ட, 'சும்மா' என்றுகூட ஒருத்தர் எழுதியிருந்தார். "இங்க சொல்லிட்டுப் போனாப் போதும், கேட்டுட்டுப் போக வேண்டியதில்ல"ன்னு அமுச்சி அம்மாகிட்ட மெதுவாச் சொன்னாங்க.

என் 42 கேள்வியில எதுலயும் இது இல்லை.

அதுக்காக அந்த 42-ஐத் தூக்கிப் போட்டுட முடியாது. மனசுக்குப் பிடிச்ச இடத்துலதான் கறாரா பார்க்கணும். அடுத்த வாரம் நான் டேப் எடுத்துட்டு சொல்லாம கொள்ளாம போனேன், சாயங்காலம் ஏழு மணிக்கு. எப்பவும் சாப்பாட்டு நேரத்துல போங்க. அப்பதான் மெஸ்ஸோட உண்மை தெரியும், உட்கார்ந்திருக்கிறவங்க முகமும் தெரியும்.

பாத்ரூம் கதவு வெளிப்பக்கமா திறக்குதான்னு முதல்ல பாருங்க, இல்லைன்னா தள்ளுகதவா இருக்கணும். காரணம் மேலயே சொல்லிட்டேன். கதவு அகலம் 900 மில்லிமீட்டர் இருந்தா சக்கர நாற்காலி தாராளமா போகும். நம்ம வீடுகள்ல பாத்ரூம் கதவு பெரும்பாலும் ரெண்டரை அடிதான், அதாவது சுமார் 750. சாய்தளம் 1-க்கு 12 இருக்கணும். ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளம். பல இடத்துல பைக் ஏத்தற சரிவைப் போட்டுட்டு சக்கர நாற்காலிக்குன்னு சொல்றாங்க. கைப்பிடிக் கம்பியை உங்க முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பாருங்க. டவல் காயப்போடற கம்பியா இருந்தா ஆடும். அவசர மணி கட்டில் பக்கத்துல மட்டும் இருந்தாப் பத்தாது. பாத்ரூம்ல தரையில விழுந்து கிடக்கிற ஆளுக்கு எட்டற உயரத்துல அதோட கயிறு தொங்கணும். நான் அந்தத் தரையில படுத்தே பார்த்தேன். அந்த நர்ஸம்மா ஒரு மாதிரி பார்த்தாங்க, ஆனா மறுநாளே கயிறை நீளமாக்கிட்டாங்க.

அடுத்தது தூரம். பக்கவாதம் வந்தா ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசியை அறிகுறி தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள்ள போடணும். அதுக்கு முன்னாடி சி.டி. ஸ்கேன் எடுக்கணும். அதனால 'பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்கு'ங்கற பதில் போதாது. ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், ராத்திரி ரெண்டு மணிக்கு யார் கூடப் போவாங்க, போன தடவை 108 வர எவ்வளவு நேரம் ஆச்சு, இதைக் கேளுங்க. ஊர்ல அமுச்சிக்கு பி.பி., சுகர் மாத்திரை 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலமா வீட்டுக்கே வந்துட்டிருந்துச்சு. புது விலாசத்துக்கு அதை எப்படி மாத்தறதுன்னும் அந்தப் பகுதி சுகாதார நிலையத்துல கேட்டு வெச்சோம்.

இப்ப காசு. இதுல மூணு வகை இருக்கு. விலைக்கு வாங்கறது, பெரிய டெபாசிட் கட்டிக் குத்தகைக்கு எடுக்கறது, சின்ன டெபாசிட் கட்டி மாசாமாசம் கட்டறது. விலைக்கு வாங்கினா சொத்து நம்ம பேர்ல இருக்கும். ஆனா அடுத்த தலைமுறைக்கு அது வந்தாலும், வயசு வரம்பு இருக்கிற குடியிருப்புல நாம போய்க் குடியிருக்க முடியாது, விக்கலாம், அல்லது இன்னொரு பெரியவருக்கு வாடகைக்கு விடலாம். புதுசா கட்டற திட்டம்னா ரெரா பதிவு இருக்கான்னு பாருங்க. ஆனா 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலம், அல்லது எட்டு வீட்டுக்கு மேற்படாத திட்டம்னா அந்தச் சட்டத்துல பதிவு கட்டாயம் இல்லை. அதாவது சின்ன இடமா தேடப் போறவங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாமலும் போகலாம். அங்க காகிதத்தை நாமளே இன்னும் கூர்ந்து படிக்கணும்.

எங்க கணக்கு இது. அமுச்சிக்குக் குடும்ப ஓய்வூதியம் 14,500. ஊர் வீட்டை வாடகைக்கு விட்டா 4,000. அம்மா 3,000, மாமா 3,000. மொத்தம் 24,500. அந்தச் சின்ன இடத்துல ரூம், சாப்பாடு, துப்புரவு எல்லாம் சேர்த்து மாசம் 19,500. டெபாசிட் ஒன்றரை லட்சம். கரன்ட், மருந்து தனி. முதல் பார்வைக்கு மாசம் 5,000 மிச்சம்.

ஆனா ஒப்பந்தத்துல வருஷத்துக்கு 8 சதவீதம் ஏறும்னு ஒரு வரி இருந்துச்சு. ஏப்டிட்யூட் கிளாஸ்ல சொல்லித் தந்த 72-ஐ வகுக்கிற கணக்கு ஞாபகம் இருக்கா? 72-ஐ 8-ஆல வகுத்தா 9. ஒன்பது வருஷத்துல 19,500 அப்படியே 39,000 ஆகும். அப்ப அமுச்சிக்கு வயசு 85. அவங்க 90 தாண்டணும்னுதான் நாங்க ஆசைப்படறோம். ஆசைக்கு ஏத்த மாதிரிதானே கணக்கும் போடணும்? ஓய்வூதியத்துல அகவிலைப்படி ஏறும், வாடகை கொஞ்சம் ஏறும். மீதியை யாராவது போடணும். அந்த 'யாராவது' வேற யாரு? ஆஃபர் லெட்டர் வந்தா ஃப்ரெண்ட்ஸோட கோவா போறதுக்கு முன்னாடி என் ஷீட்ல ஒரு வரி சேர்ந்திருக்கு. அது சட்டம் சொல்லிச் சேர்ந்த வரி இல்லை.

இன்னொரு எண்ணையும் எழுதி வெச்சுக்கங்க. தனியா ஒரு ஆள் கூட இருந்து பார்த்துக்க, நாங்க விசாரிச்ச இடத்துல 12 மணி நேர ஷிஃப்டுக்கு ஒரு நாளைக்கு 800 கேட்டாங்க. மாசத்துக்கு 24,000. ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்துக் கொடுக்கிறதைவிட அது அதிகம். விளம்பரத்துல இருக்கிற மாசக் கட்டணம் நடமாட்டத்தோட இருக்கிற ஆளுக்கான கட்டணம். "இவங்களால எழுந்திருக்க முடியாமப் போனா என்ன செய்வீங்க?"ன்னு கேட்கத் தொண்டை அடைக்கும். அவங்க முன்னாடியே கேட்க வேண்டி வரலாம். எங்க வீட்ல அதையும் அமுச்சியே கேட்டாங்க. "படுத்துட்டா வெச்சுப் பாப்பீங்களா, அனுப்பிருவீங்களா?"

அந்த நர்ஸம்மா சுத்தி வளைக்கலை. "ஒரு மாசம் வரைக்கும் பார்ப்போம்மா. அதுக்கு மேல ராத்திரி ஆள் எங்களுக்குப் பத்தாது. நீங்க ஆள் போட்டா இங்கயே இருக்கலாம், இல்லைன்னா வேற இடம் பார்க்கணும்." அதை ஒப்பந்தத்துல எழுதித் தரச் சொன்னோம், எழுதித் தந்தாங்க. 'நாங்க எல்லாத்தையும் பார்த்துக்குவோம்'னு முதல் இடத்துல கேட்ட பதிலைவிட எங்களுக்கு இது நம்பிக்கையா இருந்துச்சு.

சின்ன இடத்துக்குன்னு சில ஆபத்தும் உண்டு. 17 பேர் இருக்கிற இடத்துல சமையல்காரருக்கு யார் கத்திரிக்காய் சாப்பிட மாட்டாங்கன்னு தெரியும். அதே சமையல்காரர் லீவு போட்டா மாத்து ஆள் கிடையாது. நடத்தறவங்களுக்கே வயசு 60-க்கு மேல. அவங்களுக்கு அப்புறம் யார்? நிலம் சொந்தமா, குத்தகையா? குத்தகைன்னா எத்தனை வருஷம் பாக்கி? சமூக நலத்துறையில பதிவு இருக்கா? கடைசியா காலி பண்ணினவங்க ஏன் போனாங்க, டெபாசிட் எத்தனை நாள்ல திரும்பி வந்துச்சு? இந்தக் கடைசிக் கேள்வியை நடத்தறவங்ககிட்ட மட்டும் கேட்காதீங்க. அங்க இருந்து போனவங்க குடும்பத்தோட நம்பர் ரெண்டு வாங்கிப் பேசுங்க. கொடுக்கத் தயங்கினா அதுவே ஒரு பதில்தான். எங்களுக்குக் கொடுத்தாங்க. ஒரு குடும்பத்துக்கு 20 நாள்ல வந்திருக்கு, இன்னொருத்தருக்கு ரெண்டு மாசம் இழுத்திருக்கு. நாங்க ஒப்பந்தத்துல 45 நாள்னு எழுத வெச்சோம்.

எல்லாம் கூடி வர்ற நேரத்துல ஊர் வீட்டுப் பேச்சு வந்துச்சு. மாமா போன்ல, "வீட்டை வித்துட்டா அம்மாவுக்கு ஆயுசுக்கும் கவலை இல்லையே"ன்னார். சித்தப்பா முறையுள்ள ஒருத்தர், "பையன் பேர்ல எழுதி வெச்சுட்டா அவன் பாத்துக்குவான்"னார். ரெண்டும் கேட்க நியாயமா இருந்துச்சு. அங்கதான் அந்த 2007 சட்டம் மறுபடி கைகொடுத்துச்சு. அதில் 23-வது பிரிவு: பார்த்துக்கணும்ங்கற நிபந்தனையோட ஒரு மூத்த குடிமகன் சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கினவர் பார்த்துக்கலைன்னா, அந்தப் பத்திரத்தைச் செல்லாதுன்னு அறிவிக்கும்படி தீர்ப்பாயத்துல கேட்கலாம். அந்த நிபந்தனையைப் பத்திரத்துலயே தெளிவா எழுதறதுதான் பாதுகாப்பு. உங்க வீட்ல யாராவது தானப் பத்திரம் பத்திப் பேசினா இதை மட்டும் சொல்லுங்க. மாமா தப்பா நினைப்பாரோன்னு அம்மா பயந்தாங்க. அவர் நினைக்கலை. "எழுதவே வேண்டாம், அம்மா பேர்லயே இருக்கட்டும்"னு அவரே முடிச்சார்.

அமுச்சி விக்கவும் சம்மதிக்கலை. "அந்த எடம் எனக்கு ஒத்துவல்லீன்னா நான் எங்க வாறது?"ன்னு ஒரே வரிதான். காசு கணக்குல பார்த்தா வித்துப் போட்டு வட்டி வாங்கறது லாபம். ஷீட் அப்படித்தான் சொல்லுச்சு. ஆனா திரும்பி வர ஒரு வீடு இருக்குங்கறதுக்கு என் ஷீட்ல கட்டமே இல்லை. பக்கத்துத் தோட்டத்துல வேலை பார்க்கிற குடும்பத்துக்குப் பதினொரு மாச ஒப்பந்தத்துல விட்டோம், முன்னறையைப் பூட்டி சாவியை அமுச்சியே வெச்சுக்கிட்டாங்க.

முதல்ல ஒரு மாசம் சோதனைக்குன்னுதான் போனாங்க. டெபாசிட் கட்டாம, அந்த மாசக் காசு மட்டும். எந்த இடமா இருந்தாலும் இதைக் கேட்டு வாங்குங்க. விருந்தாளியா ரெண்டு நாள் தங்கறது போதாது, அது மாப்பிள்ளை வீட்டு உபசாரம் மாதிரி. ஒரு மாசம் இருந்தாத்தான் சாம்பார் எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணியா இருக்கும், பக்கத்து ரூம் தாத்தா எவ்வளவு சத்தமா நியூஸ் கேட்பார், ஞாயித்துக்கிழமை மத்தியானம் எப்படி இருக்கும்னு தெரியும்.

அந்த ஒரு மாசம் அம்மா சரியா தூங்கலை. ஒவ்வொரு தடவை போன் அடிச்சாலும் அவங்க முகம் மாறும். ஊர்ல ஒருத்தர் நேராவே கேட்டார், "ஏனுங்க, ரெண்டு புள்ளைக இருந்தும் இப்படி உட்டுட்டீங்களே?" அம்மா பதில் சொல்லலை. அன்னிக்கு ராத்திரி சாப்பிடலை. இது எந்த ஷீட்டுக்குள்ளயும் அடங்காது, நாமளும் சரி பண்ண முடியாது. கூட உட்காரலாம். நான் அந்த மாசம் நாலு வாரக் கடைசியும் திருப்பூர் போய் உட்கார்ந்தேன்.

மாசம் முடிஞ்ச அன்னிக்குக் கூட்டிட்டு வரப் போனோம். அமுச்சி ரூம்ல இல்லை. கேட் நோட்டுல அவங்க கையெழுத்து இருந்துச்சு. அஞ்சாவது வரைக்கும் படிச்ச கை, எழுத்து குண்டு குண்டா இருக்கும். எங்க போறேன்ங்கற கட்டத்துல 'கருவேப்பிலை நாத்து வாங்க' என்று எழுதியிருந்துச்சு. முக்கால் மணி நேரம் கழிச்சு ஆட்டோவுல வந்து இறங்கினாங்க, கையில நாலு பாக்கெட் நாத்து. முற்றத்துல இடம் காட்டி, எது எங்க வைக்கணும்னு அம்மாகிட்ட சொல்ல ஆரம்பிச்சாங்க. அம்மா குழி தோண்டறதுக்குக் குச்சி தேடினாங்க. டெபாசிட் செக்கை நான் உள்ளே கொண்டு போய்க் கொடுத்தேன்.

இப்ப அஞ்சு மாசம் ஆச்சு. எல்லாம் சுகம்னு எழுதினா அது பொய். புளிக்குழம்பு சரியில்லைங்கறது தினசரிப் புகார். ஒரு நாள் கரன்ட் போய் ஜெனரேட்டர் ஓடலை. பொங்கலுக்கு ஊருக்குக் கூட்டிட்டுப் போனோம், திரும்பும்போது முன்னறையைப் பூட்ட ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டாங்க. அவங்க படுத்துட்டா என்ன செய்யறதுங்கற கேள்வி அப்படியேதான் இருக்கு. அதுக்குன்னு மாசம் 2,000 தனியா போட்டு வர்றோம், அந்த நர்ஸம்மா சொன்ன வேற ரெண்டு இடத்தோட விலாசமும் குறிச்சு வெச்சிருக்கோம். இதைவிட இப்போதைக்கு முடியலை.

இதை ஏன் இந்த வயசுல உங்களுக்குச் சொல்றேன்னா, நாங்க தேட ஆரம்பிச்சது ஒரு எலும்பு உடைஞ்ச பிறகு. நல்ல வேளையா அது மணிக்கட்டு, அதனால அமுச்சியால நடந்து வந்து பார்க்க முடிஞ்சது, கேள்வி கேட்க முடிஞ்சது, வேண்டாம்னு சொல்ல முடிஞ்சது. இடுப்பு எலும்பா இருந்திருந்தா நாங்கதான் தேர்ந்தெடுத்திருப்போம், அனேகமா அந்த ஆப் வெச்ச கேட்டை. யார் அங்க இருக்கப் போறாங்களோ அவங்க தேர்ந்தெடுக்கிற நிலைமையில இருக்கும்போதே பேச்சைத் தொடங்கிடணும்.

உதவிக்கு ஒரு நம்பர் மட்டும் சேமிச்சு வெச்சுக்கங்க: 14567, மூத்த குடிமக்களுக்கான இலவச உதவி எண். சந்தேகம், சட்டம், இல்லங்களோட விவரம் எதுன்னாலும் கேட்கலாம். என் எக்செல் ஷீட் வேணும்னா மேகசின் குழுகிட்ட கேளுங்க, தருவாங்க. அதுல முதல் மூணு வரி இப்ப சாவி, காப்பி, கேட். அதுக்குக் கீழதான் அந்த 42.

இந்த செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனா, சாப்பிட்டு முடிச்சு திண்ணையில உட்கார்ந்திருக்கும்போது உங்க பாட்டிகிட்டயோ தாத்தாகிட்டயோ ஒண்ணு கேளுங்க: "வயசான காலத்துல உங்களுக்கு எங்க, எப்படி இருக்கணும்?" முதல்ல, "எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்"னு தட்டிக் கழிப்பாங்க. விடுங்க, அன்னிக்கு அதுக்கு மேல கேட்காதீங்க. பதில் வர நாளாகும். எங்க வீட்ல மூணு வாரம் ஆச்சு.